சிகரெட்டிலிருந்து வேப்புக்கு மாறுதல்: இழுக்கும் முறையும் கருவித் தேர்வும் – பிரிட்டனில் வாழும் புகைபிடிப்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சிகரெட்டை விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்பி வேப் எனப்படும் மின்சிகரெட் கருவி ஒன்றை வாங்குபவர்களில் பலர், சில வாரங்களிலேயே அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு மீண்டும் சிகரெட்டுக்கே திரும்பிவிடுகிறார்கள். காரணம் கேட்டால், இருமல் வருகிறது என்பார்கள். அல்லது தொண்டை எரிகிறது என்பார்கள். அல்லது எவ்வளவு இழுத்தாலும் சிகரெட் பிடித்த நிறைவு கிடைக்கவில்லை என்பார்கள். மன உறுதி போதவில்லை என்று தம்மையே நொந்துகொள்பவர்களும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் மீது குற்றமில்லை. இழுக்கும் முறை, கருவிக்குள் சூடாகும் கம்பியான காயிலின் தன்மை, அது ஆவியாக்கும் திரவமான லிக்விடில் உள்ள நிகோடின் அளவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று பிசகினாலும் மற்ற இரண்டும் பயன்படாமல் போகும். முதலில் இழுக்கும் முறையை முடிவு செய்து, அதற்கேற்ற கருவியை வாங்கி, அதற்கேற்ற லிக்விடை ஊற்ற வேண்டும். கடைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சுவையைத் தேர்ந்தெடுத்து, பிறகு கண்ணுக்கு அழகாக இருக்கும் கருவியை எடுத்து, எப்படி இழுப்பது என்பதை வீட்டுக்கு வந்த பிறகு யோசிக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி யாருக்கானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. பிரிட்டனில் வாழும், ஏற்கெனவே சிகரெட் பிடிக்கிற, அதை விட விரும்புகிற பெரியவர்களுக்காக மட்டுமே இது எழுதப்படுகிறது. இதுவரை புகைபிடிக்காத எவரும் வேப்பைத் தொடத் தேவையில்லை. நிகோடின் அடிமைப்படுத்தும் பொருள், அதை விலை கொடுத்துப் பழகிக்கொள்வதில் எந்த நன்மையும் இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்பது அங்கே குற்றம். இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மின்சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்துமே தடை செய்யப்பட்டுள்ளன. ஆகவே இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொருந்தா.

வேப்பிங் தீங்கற்றது என்று யாரும் சொல்லவில்லை. சிகரெட்டின் பெரும் தீங்கு புகையிலை எரிவதால் வருவது: தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரிதலில் பிறக்கின்றன. வேப் கருவியில் எதுவும் எரிவதில்லை. லிக்விட் சூடாகி ஆவித்துளிகளாக மாறுகிறது. அதனால்தான் பிரிட்டனின் மருத்துவத் துறை, புகைபிடிப்பவர்கள் இதற்கு முழுமையாக மாறுவதை ஊக்குவிக்கிறது. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் தலைமையில் 886 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகு சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் மின்சிகரெட் பெற்ற குழுவில் 18 சதவீதம். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றைப் பெற்ற குழுவில் 9.9 சதவீதம். அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மின்சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் வேப்பை விடாமல் இருந்தார்கள். ஆகவே இதைத் தொடங்கும்போதே, ஒரு நாள் இதையும் விட வேண்டும் என்ற எண்ணத்தோடு தொடங்குவதே நல்லது.

முதல் படி: எந்த இழுப்பு என்று முடிவு செய்தல்

வேப்பிங்கில் இரண்டு வகை இழுப்புகள் உண்டு. முதலாவது, ஆவியை முதலில் வாய்க்குள் இழுத்து நிறுத்தி, பிறகு மூச்சோடு நுரையீரலுக்குள் அனுப்புவது. சிகரெட் பிடிப்பவர்கள் தம்மை அறியாமலே இப்படித்தான் இழுக்கிறார்கள். இதை வாய்வழி இழுப்பு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, இடையில் வாயில் நிறுத்தாமல் ஒரே மூச்சாக நுரையீரலுக்குள் இழுப்பது. இதில் காற்று தாராளமாக வரும், வெளிவிடும் ஆவி பெரும் மேகமாகத் திரளும். இதை நேரடி இழுப்பு என்போம்.

சிகரெட்டிலிருந்து மாறுபவர்கள் அனைவரும் வாய்வழி இழுப்பிலேயே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உடம்புக்குப் பழகிய அசைவு அதுதான். கன்னமும் நாக்கும் தொண்டையும் பல ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையையே தொடரும். மேகம் மேகமாக விடுவதைப் பார்த்து ஆசைப்பட்டு நேரடி இழுப்புக் கருவியை முதலில் வாங்குபவர்களுக்குத்தான் முதல் இழுப்பிலேயே புரையேறுகிறது. நேரடி இழுப்பு தவறு என்பதில்லை. வேப்பில் நிலைபெற்ற சிலருக்கு அது பிடித்துப்போகிறது. ஆனால் அது லிக்விடையும் பேட்டரியையும் மிக வேகமாகத் தின்னும், பணமும் அதற்கேற்பச் செலவாகும்.

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கருவியின் உள்ளே முக்கியமானது காயில். பருத்தித் திரியைச் சுற்றிய அல்லது அதை ஒட்டிய சிறு உலோகக் கம்பியோ வலையோதான் அது. பேட்டரியிலிருந்து மின்சாரம் பாயும்போது கம்பி சூடாகி, திரியில் ஊறியிருக்கும் லிக்விட் ஆவியாகிறது. காயிலின் மின்தடையை ஓம் என்ற அலகில் அதன் உடலிலேயே அச்சிட்டிருப்பார்கள், வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் அதுவே. தடை குறையக் குறைய அதிக மின்சாரம் பாயும், அதிக வெப்பம் பிறக்கும். பேட்டரியின் சராசரி மின்னழுத்தமான 3.7 வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டால், 1 ஓம் காயிலில் ஏறத்தாழ 14 வாட் ஆற்றல் செலவாகிறது; 0.3 ஓம் காயிலில் அதுவே 45 வாட்டைத் தாண்டுகிறது. வாய்வழி இழுப்புக்கு 0.8 ஓம் முதல் 1.2 ஓம் வரையிலான காயில் ஏற்றது. 0.5 ஓமுக்குக் கீழே உள்ளவை நேரடி இழுப்புக்கானவை.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப்களின் விற்பனை பிரிட்டன் முழுவதும் 2025 ஜூன் 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே இப்போது வாங்கக்கூடியவை மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய, மீண்டும் நிரப்பக்கூடிய கருவிகள் மட்டுமே. புதிதாகத் தொடங்குபவருக்கு, லிக்விடை ஊற்றி நிரப்பிக்கொள்ளும் சிறிய பாட் கருவியே மிகவும் பொருத்தமானது. பாட் என்பது லிக்விடும் காயிலும் இருக்கும், கழற்றி மாட்டக்கூடிய சிறு கூடு. லிக்விடோடு அடைத்து வரும் பாட்களை மாற்றிக்கொள்ளும் கருவிகளும் உண்டு. கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், பார்வை மங்கியவர்களுக்கும் அவை வசதி, ஆனால் நாளடைவில் செலவு கூடும். பென்சில் போன்ற நீண்ட கருவிகளும், தனியே கழற்றும் பேட்டரி கொண்ட பெரிய பெட்டி வடிவக் கருவிகளும் கடையில் இருக்கும். பெட்டி வடிவக் கருவியைத் தொடக்கத்திலேயே வாங்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை.

கடையில் நின்று பார்க்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் சிறு வளையமோ தள்ளுபலகையோ இருந்தால் நல்லது, ஏனென்றால் சிகரெட்டின் இறுக்கத்தை அதைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும். காயிலோ பாடோ தனியாக அதே கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது கிடைக்காத கருவி எவ்வளவு மலிவானாலும் இரண்டு வாரத்தில் வீணாகும். பாட் கூட்டுக்குள் லிக்விட் எவ்வளவு மீதி இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரிய வேண்டும். நிகோடின் லிக்விடுக்கான டேங்கோ பாடோ 2 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளக்கூடாது, லிக்விட் பாட்டில் 10 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாது, நிகோடின் செறிவு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பவை பிரிட்டனின் சட்ட வரம்புகள். இவற்றை மீறிய பொருள் கடையில் கண்ணில் பட்டால், அது கள்ளச் சந்தைச் சரக்கு என்று கொண்டு அந்தக் கடையை விட்டு வெளியேறிவிடுவதே பாதுகாப்பு. லண்டனில் தெருமுனைக் கடைகள் பலவற்றை நம்மவர்களே நடத்துகிறார்கள் என்பதால், தெரிந்தவர் என்ற உரிமையில் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துத் தரப்படும் பொருளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், கடைக்குப் போகும் முன் தங்கள் பகுதி கவுன்சிலின் புகைநிறுத்தச் சேவையை அணுகிப் பார்க்கலாம். இங்கிலாந்தில் பல இடங்களில் தொடக்கக் கருவியை இலவசமாகவே கொடுத்து, கூடவே ஆலோசகர் ஒருவரையும் ஏற்பாடு செய்து தருகிறார்கள். அங்கே சிறு கருவி ஒன்றில் ஊதச் சொல்லி மூச்சிலுள்ள கார்பன் மோனாக்சைடை அளப்பார்கள். கடைசி சிகரெட்டுக்குப் பிறகு ஓரிரு நாட்களிலேயே அந்த எண் புகைபிடிக்காதவரின் அளவுக்கு இறங்கிவிடும். வேப் அதை உயர்த்துவதில்லை. அந்த எண் இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பலருக்குப் பெரிய ஊக்கம்.

மூன்றாம் படி: லிக்விடும் நிகோடின் அளவும்

லிக்விடின் அடிப்படை இரண்டு திரவங்கள்: புரோப்பிலீன் கிளைக்கால், காய்கறிக் கிளிசரின். முன்னது நீர்த்தது, சுவையை நன்றாகக் கடத்தும், தொண்டையில் சிகரெட் போன்ற ஓர் உறைப்பைத் தரும். பின்னது கெட்டியானது, இனிப்பானது, மேகத்தை உண்டாக்குவது. இரண்டும் பாதிக்குப் பாதி கலந்த லிக்விடே வாய்வழி இழுப்புக் காயிலுக்கு ஏற்றது. கிளிசரின் 70 சதவீதம் உள்ள லிக்விடைச் சிறிய பாட் கருவியில் ஊற்றினால், காயிலின் சிறு துளைகள் வழியாக அது வேகமாக இறங்காது, திரி வறண்டு கருகும். புதிய கருவியை வாங்கிய அன்றே “இது சரியில்லை” என்று திருப்பிக் கொடுப்பவர்களில் பலரிடம் உள்ள சிக்கல் இதுதான்.

நிகோடின் இரண்டு வடிவங்களில் வருகிறது. சாதாரண நிகோடின் காரத்தன்மை கொண்டது. செறிவு கூடக் கூடத் தொண்டையை அறுக்கும். நிகோடின் சால்ட் என்பது பென்சோயிக் அமிலம் போன்ற ஓர் அமிலம் சேர்த்து அந்தக் காரத்தன்மையைத் தணித்தது. 20 மில்லிகிராம் செறிவிலும் தொண்டைக்கு இதமாக இருக்கும். நாளுக்கு ஒரு பாக்கெட், அதாவது இருபது சிகரெட் பிடிப்பவர், அல்லது காலையில் எழுந்தவுடன் முதல் சிகரெட்டைத் தேடுபவர், 20 மில்லிகிராம் நிகோடின் சால்ட்டில் தொடங்குவது சரி. நாளுக்குப் பத்துக்குக் கீழே பிடிப்பவருக்கு 10 முதல் 12 மில்லிகிராம் பெரும்பாலும் போதும். குறைவான அளவே நல்லது என்று எண்ணி 3 மில்லிகிராமை வாங்குபவர் நாள் முழுவதும் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருப்பார். தேவையான நிகோடினைத் தேடி உடம்பு அதிக ஆவியை உள்ளே இழுக்கும், சூட்டில் பிறக்கும் தேவையற்ற பொருள்களும் அதனோடு அதிகமாகச் சேரும். ஆசையும் அடங்காமல் மாலைக்குள் ஒரு சிகரெட் கைக்கு வந்துவிடும்.

நேரடி இழுப்புக் கருவியில் 20 மில்லிகிராம் சால்ட்டை ஊற்றவே கூடாது. ஒரே இழுப்பில் வரும் ஆவி பல மடங்கு என்பதால் தலைசுற்றல், குமட்டல், படபடப்பு வரும். அக்கருவிக்கு 3 அல்லது 6 மில்லிகிராமே போதும். 50 மில்லிலிட்டர் நிகோடினற்ற லிக்விடோடு, 18 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லிலிட்டர் நிகோடின் பாட்டில் ஒன்றைக் கலந்தால் 60 மில்லிலிட்டரில் சரியாக 3 மில்லிகிராம் செறிவு கிடைக்கும். ஷார்ட்ஃபில் என்று கடைகளில் விற்கப்படும் பெரிய பாட்டில்களின் கணக்கு இதுவே.

சுவையைப் பற்றி ஒன்றே ஒன்று. புகையிலைச் சுவைதான் சிகரெட்டுக்கு மாற்று என்று நினைத்து வாங்கி ஏமாறுபவர்கள் உண்டு, ஏனென்றால் எரிந்த புகையின் சுவையை அது தராது. புதினாவோ பழச்சுவையோ பிடித்திருந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். மிகையான இனிப்புள்ள லிக்விட் காயிலில் கருப்பாகப் படிந்து அதன் ஆயுளைக் குறைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: காயிலை ஊறவைத்தல்

இந்தப் படியை அவசரத்தில் தாண்டுபவர்களே அதிகம். புதிய காயிலின் திரி காய்ந்த பருத்தி. அதை அப்படியே சூடாக்கினால் சில நொடியில் கருகி, அந்தக் கருகல் வாசனை காயிலின் ஆயுள் முழுவதும் போகாது. காயிலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பக்கவாட்டுத் துளைகளில் வெள்ளைப் பஞ்சு தெரியும். ஒவ்வொரு துளையிலும் ஒரு துளி லிக்விட் விட்டால், வெள்ளை நிறம் மங்கி ஈரமாகி, பஞ்சு லேசாக உப்பும். பிறகு காயிலைப் பாட் கூட்டுக்குள் அழுத்திப் பொருத்தி, லிக்விடைக் கோட்டளவுக்கு நிரப்பி, அடைப்பானை இறுக மூடிப் பத்து நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். காயில் நிலையாகப் பொருத்தப்பட்ட பாட் என்றால் நிரப்பிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தாலே போதும். அதன் பிறகு, வாட் அளவை மாற்றக்கூடிய கருவியாக இருந்தால், காயிலில் அச்சிட்டுள்ள வரம்பின் கீழ் எல்லையில் வைத்துச் சில மெல்லிய இழுப்புகளோடு தொடங்கலாம்.

ஐந்தாம் படி: இழுக்கும் முறை

சிகரெட்டை நாம் இரண்டு நொடிக்குள் சுருக்கென்று இழுத்துவிடுகிறோம். வேப்பில் அந்த வேகம் கூடாது. வேகமாக இழுத்தால் காயில் சூடாகும் முன்னரே காற்று கடந்துபோய்விடும்; ஆவிக்குப் பதிலாக லிக்விட் துளிகளே நாக்குக்கு வரும். கெட்டியான பாயசத்தைக் குழல் வைத்து உறிஞ்சுவதுபோல மெதுவாகவும் சீராகவும், மூன்று அல்லது நான்கு நொடிக்கு இழுக்க வேண்டும்.

உதடுகளை ஊதுவாயைச் சுற்றி மூடிக்கொள்ளுங்கள். கன்னம் லேசாக உள்வாங்க, மார்பு அசையாமல், ஆவியை வாய்க்குள் மட்டும் சேருங்கள். பொத்தான் உள்ள கருவி என்றால், பொத்தானை அழுத்திய பிறகே இழுக்கத் தொடங்கி, இழுப்பு முடியும்போது விட்டுவிடுங்கள். பிறகு கருவியை உதட்டிலிருந்து எடுத்து, வாயைச் சற்றே திறந்து, மூக்கும் வாயும் வழியாகச் சாதாரண மூச்சு ஒன்றை உள்ளே எடுங்கள். வாயிலிருக்கும் ஆவி அந்தக் காற்றோடு கலந்து இதமாக இறங்கும். நெடுநேரம் மூச்சை அடக்கிவைக்க வேண்டியதில்லை, உடனே வெளிவிட்டுவிடலாம்.

காற்று வளையத்தை முதலில் நன்றாக மூடி, மெல்லிய திறப்பு மட்டும் விட்டுத் தொடங்குங்கள். இழுக்கும்போது கன்னம் வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக இருந்தால் சிறிது திறவுங்கள். காற்று தடையின்றி நேராகத் தொண்டைக்குப் பாய்ந்தால் மூடுங்கள். சிகரெட்டின் இறுக்கம் கைவந்தவுடன் அந்த இடத்தை மாற்றாதீர்கள்.

நிகோடின் உடம்பில் ஏறும் வேகம் சிகரெட்டை விடச் சற்றுக் குறைவு என்பதால், ஒரே மூச்சில் ஒரு சிகரெட்டின் நிறைவை எதிர்பார்க்கக் கூடாது. ஓர் இழுப்புக்குப் பின் அரை நிமிடம் விட்டு அடுத்தது என்று சில இழுப்புகள் எடுத்துவிட்டு, சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஆசை அடங்கியிருந்தால் கருவியைக் கீழே வையுங்கள். தலை லேசாகச் சுற்றினாலோ வயிற்றைப் புரட்டினாலோ அளவு மிஞ்சிவிட்டது; நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருங்கள். முதல் வாரத்தில் வறட்டு இருமலும் வாய் உலர்தலும் பலருக்கு வரும். புரோப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் வழக்கத்தை விட அதிகமாகத் தண்ணீர் குடிப்பது உதவும். இருமல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது மூச்சுத் திணறலோ மார்பு வலியோ இருந்தால், மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆறாம் படி: கோளாறுகளை அறிதல்

கருகல் வாசனை வந்தால் முதலில் லிக்விட் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பாதிக்கு மேல் இருந்தும் கருகினால் காயில் மாற்ற வேண்டிய நேரம். தினமும் பயன்படுத்தினால் ஒரு காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை வரும். களகளவென்று சத்தம் கேட்டு நாக்கில் சூடான துளி தெறித்தால் காயில் லிக்விடில் மூழ்கியிருக்கிறது. பாட் கூட்டைக் கழற்றி, ஊதுவாயைக் கீழ்நோக்கித் துணியில் வைத்து உதறி, அடியைத் துடைத்துவிட்டு மாட்டினால் சரியாகிவிடும். அடியில் கசிந்தால் பெரும்பாலும் அடைப்பான் சரியாக மூடவில்லை, அல்லது இழுப்பில் வேகம் அதிகம்.

பேட்டரி, குழந்தைகள், மருந்துகள்

கருவியோடு வந்த சார்ஜ் கம்பியையே பயன்படுத்தி, படுக்கை மீதோ சோபா மீதோ இல்லாமல் கெட்டியான தளத்தில் வைத்து, விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்யுங்கள். தனிப் பேட்டரிகளைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் போடுவது நெருப்புக்கு வழி.

20 மில்லிகிராம் செறிவுள்ள 10 மில்லிலிட்டர் பாட்டில் ஒன்றில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது. ஒரு சிறு குழந்தை அதை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பழ வாசனையும் பளிச்சென்ற நிறமும் குழந்தைகளை ஈர்க்கும் என்பதால், பாட்டிலை மருந்து வைப்பதுபோல உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூட உடனே 999ஐ அழையுங்கள். கையில் சிந்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. சிகரெட் புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலின் நொதி ஒன்றைத் தூண்டிச் சில மருந்துகளை விரைவாகச் சிதைக்கின்றன. புகை நின்றவுடன் அம்மருந்துகளின் அளவு இரத்தத்தில் உயரும். இந்த விளைவு நிகோடினால் வருவதில்லை, எனவே வேப்புக்கு மாறினாலும் சிகரெட்டை விட்டதாகவே உடம்பு எடுத்துக்கொள்ளும். தியோபிலின், குளோசபின், ஒலான்சபின், வார்ஃபரின் ஆகியவற்றை எடுத்துக்கொள்பவர்கள் மாறும் நாளுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவு நம் குடும்பங்களில் பரவலாக இருப்பதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: இன்சுலின் போடுபவர்கள் சிகரெட்டை விடும்போது சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நிகோடின் பட்டை போன்ற மருந்துகளையே முதலில் பரிந்துரைக்கிறார்கள். மருத்துவச்சியிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

முழுமையாக மாறுதலும் பிறகு குறைத்தலும்

வீட்டில் வேப், வெளியே சிகரெட் என்று இரண்டையும் மாதக்கணக்கில் தொடர்வதால் உடம்புக்குப் பெரிய நன்மை இல்லை. சில நாள் இரண்டும் இருப்பது இயல்பு. ஒரு தேதி குறித்து, அன்று முதல் சிகரெட்டை முற்றிலும் நிறுத்திவிடுங்கள். சிகரெட் ஆசை போய்ச் சில மாதம் நிலைபெற்ற பிறகே நிகோடினைக் குறைக்கத் தொடங்கலாம்: 20இலிருந்து 10, பிறகு 5 அல்லது 6, பிறகு 3 என்று, ஒவ்வொரு படியிலும் சில வாரம் தங்கி இறங்குங்கள். இறங்கிய பிறகு இழுப்பின் எண்ணிக்கை கூடினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள், முந்தைய படிக்கே திரும்புங்கள். இழுப்புகளுக்கு இடையிலான நேரத்தை நீட்டுவதும், வீட்டில் சில அறைகளில் இழுப்பதில்லை என்று வைத்துக்கொள்வதும் இதே வேலையைச் செய்யும். சிகரெட்டுக்குத் திரும்பிவிடும் அச்சம் இருக்கும் வரை வேப்பை விட அவசரப்படாதீர்கள்.

ஊருக்குப் போகும்போது கருவியை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். விமானத்தில் வேப்பைக் கைப்பையில் மட்டுமே கொண்டுபோக முடியும், ஆனால் சென்னையில் இறங்கும்போது இந்தியச் சட்டம் குறுக்கே நிற்கும். சிங்கப்பூரில் வைத்திருப்பதே 2018 முதல் குற்றம், விமானம் மாறுவதற்காக இறங்குபவர்கள் இதை மறக்கக் கூடாது. பயண நாட்களுக்கு நிகோடின் பட்டையையும் சூயிங்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு, புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே வீட்டில் பழகிப் பாருங்கள். பட்டை நாள் முழுவதற்கும் அடிப்படை அளவைத் தரும். திடீரென எழும் ஆசைக்குச் சூயிங்கத்தைச் சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் பாட் கூட்டுக்குள் பழைய லிக்விட் கறுத்துப்போயிருந்தால் கொட்டிவிட்டு, புதிய காயிலை ஊறவைத்துத் தொடருங்கள்.